சேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால்…

கேள்வி: எனக்கு 29 வயது. கொழும்பு கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குட்டையாக வெட்டிய முடி, காற்சட்டை, பருத்திச் சட்டை, இவைதாம் என் அன்றாடத் தோற்றம். "உன்னிடம் பெண்மையே இல்லை" என்று அம்மாவும் பெரியம்மாவும் ஓயாமல் சொல்கிறார்கள். உண்மையில் எனக்குச் சேலை பிடிக்கும். ஆனால் அதை உடுத்தும் நாளில் "இப்போதுதான் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறாய்" என்று எல்லோரும் சொல்வதால் உடுத்துவதையே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் தங்கையின் திருமணம். நான் என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

விருப்பமான ஓர் உடையை, பிறர் புகழ்ந்துவிடுவார்களே என்பதற்காக நீங்கள் கைவிட்டிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்துகிறது. காற்சட்டையைக் குறை சொல்பவர்களும் சேலையைப் புகழ்பவர்களும் ஒரே அளவுகோலால்தான் உங்களை அளக்கிறார்கள். அவர்களுக்குப் பணிந்து உடுத்தினாலும், அவர்களை மறுப்பதற்காகவே உடுத்தாமல் இருந்தாலும், உங்கள் அலுமாரியிலிருந்து உடையை எடுத்துத் தருவது அவர்களாகவே இருப்பார்கள்.

அந்த அளவுகோல் என்றும் மாறாதது என்று அம்மா நம்புகிறார் போலும். இன்று சேலையிலிருந்து பிரிக்க முடியாதவையாகத் தோன்றும் தைத்த இரவிக்கையும் உட்பாவாடையும் பரவலான வழக்கமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதாநந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்திய முறையைக் கற்று வங்காளத்துக்குக் கொண்டுசென்றார். இலங்கையிலோ, ஐரோப்பிய உடைக்கு மாறியிருந்த சிங்களப் பெண்களைச் சேலை உடுத்தும்படி வற்புறுத்தியவர் பௌத்த மறுமலர்ச்சித் தலைவரான அநகாரிக தர்மபால. அதே காலத்தில் நம் குடும்பத்து ஆண்கள் நீண்ட முடியைக் குடுமியாக முடிந்து, காதில் கடுக்கன் அணிந்திருந்தார்கள்; அவர்களுடைய ஆண்மையை எவரும் ஐயுறவில்லை. மேற்கிலும் இதே கதைதான்: 1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் தியோர் இறுக்கிய இடையையும் விரிந்த நீள்பாவாடையையும் பெண்ணழகாக முன்வைத்தார், 1966இல் இன்னொரு வடிவமைப்பாளரான இவ் சான் லோரன் ஆண்களின் விருந்துக் கோட்டையும் காற்சட்டையையும் பெண்களுக்கென வெட்டித் தைத்தார்.

நம் நாட்டின் கட்டடக் கலைஞர் மினட் டி சில்வாவையும் நினைத்துப் பாருங்கள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். ஆண்கள் நிறைந்த அந்தத் துறையின் சர்வதேசக் கூட்டங்களிலும் அவர் சேலையிலேயே தோன்றினார். அது அவருக்கு அடக்கத்தின் அடையாளமாக இருக்கவில்லை. தன் இடத்தைத் தானே வரைந்துகொண்டவரின் உடையாக இருந்தது. மாறாக, 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையைத் தவிர்த்து வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோது எழுந்த எதிர்ப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர்களுக்குச் சேலை ஒரு கட்டாயம். உங்களை எந்த அலுவலகமும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சுதந்திரத்தை உடுத்தாமல் இருப்பதற்கு மட்டும் செலவிடாதீர்கள்.

அம்மாவின் விடயம் வேறு. தங்கைக்கு முதலில் திருமணம் நடக்கிறது. மண்டபத்தில் உறவினர்கள் மூத்தவளைப் பற்றிக் கேட்கப்போகும் கேள்விகளை அவர் இப்போதே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். பெண்மை என்று அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் அந்த அச்சத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருமண வேலைகள் நெருக்குவதற்கு முன், பெரியம்மா இல்லாத ஒரு மாலையில் அவருடன் அமர்ந்து, "அம்மா, ஆட்கள் என்ன கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். உங்கள் முடியைப் பற்றிய வாதத்தை அன்று தொடங்க வேண்டாம்.

திருமணத்துக்குச் சேலையே உடுத்துங்கள், உங்கள் முறையில். கனத்த காஞ்சிபுரம் பட்டு பிடிக்காவிட்டால் மருதமுனைக் கைத்தறியைப் பாருங்கள், அல்லது அம்மாவின் பழைய சேலைகளில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அன்றாடம் அணியும் சட்டையின் கழுத்துப்பட்டியையே இரவிக்கைக்கும் வைத்துத் தைக்கலாம். முழங்கை வரை கை இருந்தால் நாள் முழுவதும் ஓடியாடவும் வசதி. குட்டை முடிக்குப் பெரிய தோடு மிக எடுப்பாக இருக்கும், பொய்க்கொண்டை வேண்டியதில்லை. "இப்போதுதான் பெண்பிள்ளை மாதிரி" என்று யாராவது சொன்னால், "எனக்கு இந்தச் சேலை பிடித்திருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். காலி வீதித் தையற்காரர்களிடம் திருமணக் காலத்தில் வேலை குவிந்துவிடும் என்பதால், இரவிக்கைத் துணியை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.