ஆனர்ஸ் ஆண்டா, முதுமாணியா, வேலையா? 79 புள்ளி வாங்கிய ஒருவனின் பதில்

கேள்வி: மெல்பேர்ணில் விஞ்ஞான இளமாணி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சராசரி 71. ஆனர்ஸ் ஆண்டு செய்வதால் பயன் உண்டா, அல்லது நேரே முதுமாணிக்கோ வேலைக்கோ போய்விடலாமா?

கேட்டது ஆனர்ஸைப் பற்றி. ஆனால் 71 என்ற எண்ணைக் கேள்விக்குள்ளேயே எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே உங்கள் பயம் என்னவென்று எனக்கு விளங்குகிறது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் என்னுடைய சராசரி 72. நீங்கள் உயிரியல் அல்லது இரசாயனப் பக்கம், அதாவது கையில் குழாயும் துளிசொட்டியும் பிடிக்கும் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கணிதமோ கோட்பாட்டு இயற்பியலோ என்றால் இப்பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக என்னைக் கோபிக்க வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர் வீடுகளில் இச்சொல் ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறது. இலங்கையில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் என்று இரண்டு உண்டு. தொடக்க ஆண்டுகளின் பெறுபேற்றை வைத்துச் சிறப்புக்கு ஆள் எடுப்பார்கள். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு இச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் வழக்கமான விஞ்ஞான ஆனர்ஸ் என்பது, மூன்றாண்டுப் பட்டத்தைக் கையில் வாங்கிய பிறகு, தனியாக விண்ணப்பித்து, ஒரு மேற்பார்வையாளர் உங்களை ஏற்றுக்கொண்டால் மட்டுமே தொடங்கும் ஓராண்டு ஆய்வுப் பயிற்சி. பட்டங்களைப் படிகளாக வகுக்கும் இந்நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் இளமாணி ஏழாம் படி, இது எட்டாம் படி, முதுமாணி ஒன்பது, கலாநிதிப் பட்டம் பத்து. எட்டிலிருந்து பத்துக்கு நேரே தாவ முடியும் என்பதுதான் இந்த ஆண்டின் முழுக் கவர்ச்சியும்.

இவ்வளவையும் என் மாமாவுக்கு விளக்க எனக்கு முடியவில்லை. பட்டமளிப்பு முடிந்த கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில், இருபது பேர் இருக்கும்போது, "தம்பி, மூண்டு வருசத்தில முடிக்கிற படிப்புத்தானே, பிறகேன் இன்னுமொரு வருசம்? ஏதும் பெயில் விட்டிட்டியோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மாவின் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. அந்த ஆண்டை நான் பிடிவாதமாகச் செய்து முடித்ததற்கு உயிரிரசாயனவியலில் எனக்கிருந்த ஆர்வம் எவ்வளவு காரணமோ, அந்தக் கேள்வியும் ஏறக்குறைய அவ்வளவு காரணம்.

பெப்ரவரியில் தொடங்கும்போது ஓராண்டு என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. முதல் இரண்டு மாதம் பாதுகாப்புப் பயிற்சிக்கும், முன்னாய்வுகளை வாசித்து எழுதும் மீளாய்வுக்கும், தொடக்க உரைக்கும் போய்விடும். ஒக்டோபர் பிற்பகுதியில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். எழுதுவதற்கு ஆறு கிழமையாவது தேவை. எஞ்சுவது ஐந்து மாதம். அதற்குள் பாடநெறி, ஒப்படை, இறுதி உரை எல்லாம் வரும். என் துறையில் ஆய்வேட்டுக்கு மட்டும் 60 வீதம்.

இனி என் கதை. என் மேற்பார்வையாளர் பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர். பெயர் பெற்றவர் என்பதால்தான் அவரிடம் போனேன். ஆய்வு விடுப்பில் மே முதல் ஓகஸ்ட் வரை வெளிநாட்டில் இருக்கப்போகிறார் என்பது ஏப்ரலில்தான் எனக்குத் தெரியவந்தது. என் வேலை, ஒருவகைக் கலங்களுக்கு மன அழுத்தம் போன்ற ஒரு நெருக்கடியைக் கொடுத்தால் (வெப்பநிலையைக் கூட்டுவதுதான், பயப்பட வேண்டாம்) ஒரு குறிப்பிட்ட புரதம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. வெஸ்டர்ன் பிளொட் என்னும் முறை. புரதங்களை ஜெல்லில் பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தைப் பிடிக்கும் முதலாம் பிறபொருளெதிரியை (antibody) ஊற்றி, பிறகு அந்த முதலாமதைப் பிடித்து ஒளி தரும் இரண்டாம் பிறபொருளெதிரியை ஊற்ற வேண்டும். முதலாமது முயலில் தயாரித்ததென்றால் இரண்டாமதும் முயலுக்கு எதிரானதாக இருக்க வேண்டும்; சுண்டெலியில் தயாரித்ததென்றால் சுண்டெலிக்கு எதிரானது.

ஆறு கிழமை எனக்கு வெறும் மென்சவ்வு மட்டுமே வந்தது. இருட்டறையில் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், நான் தேடிய புரதம் இருக்க வேண்டிய இடம் பால்போல் வெறுமையாக இருக்கும். ஆனால் ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் அக்டின் என்னும் புரதம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கறுப்பாக, அழகாக, ஒரே அளவில் வரிசையாக நிற்கும். அதுதான் என்னைக் கெடுத்தது. அக்டின் வருகிறதென்றால் ஜெல் சரி, மாற்றம் சரி, ஒளி தரும் கரைசல் சரி. ஆகவே என் புரதம் அக்கலங்களில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். செறிவை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், இரவு முழுவதும் குளிர் அறையில் ஆட்டிப் பார்த்தேன். எவரிடமும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, தெரியாததைத் தானே தேடிக் கற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். கேட்டால், இவனை எப்படி எடுத்தார்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஒவ்வொரு தடவையும், "முன்னேற்றம் இருக்கிறது" என்ற வரியோடுதான் தொடங்கினேன்.

ஜூலையில் ஒருநாள், அடுத்த மேசையில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், கலாநிதிப் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் வேலை செய்பவர், என் பிலிமைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் புரதம் நிச்சயம் இருக்கும் என்று தெரிந்த கல மாதிரி ஒன்றை ஏன் பக்கத்தில் ஓட்டவில்லை?" என்னிடம் பதில் இல்லை. அவர் தன் உறைகலனிலிருந்து ஒன்றைத் தந்தார். அதுவும் வெறுமையாகத்தான் வந்தது, ஆகவே பிழை என் கலங்களில் இல்லை. அப்போதுதான் இருவரும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். "முயலுக்கு எதிர்" என்று எழுதிய சிறிய பெட்டிக்குள் இருந்த குழாயில், நகத்தளவு எழுத்தில், "சுண்டெலிக்கு எதிர்" என்று இருந்தது. யாரோ எப்போதோ மாற்றி வைத்திருக்கிறார்கள். நான் தேடிய புரதத்துக்கான முதலாமது முயலில் தயாரித்தது. அக்டினுக்கான பிறபொருளெதிரி சுண்டெலியில் தயாரித்தது, அதற்குரிய குழாய் அதற்குரிய பெட்டியிலேயே இருந்தது. ஆகவே அது மட்டும் வேலை செய்தது. ஆறு கிழமையும் நான் பெட்டியை வாசித்தேன், குழாயை வாசிக்கவில்லை.

இங்கே சிலர், பிழையைத் தன்மேல் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரைக் குறை சொல்கிறான் என்று பின்னூட்டம் எழுதுவார்கள். குழாயை வாசிக்காதது என் பிழை, முழுக்க என் பிழை. ஆனால் முதன்முதலில் ஆய்வுக்கு வந்த ஒருவனின் வெறும் பிலிமை ஆறு கிழமையாக எவருமே பார்க்காதிருந்தது என் பிழை மட்டும்தானா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

புரதம் இருந்தது, வெப்பம் கூடக்கூட அதுவும் கூடியது. ஆனால் மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டிய முதன்மைப் பரிசோதனையை இரண்டு தடவைக்கு மேல் செய்ய நாள் இருக்கவில்லை. பரிசோதகர் ஒருவரின் அறிக்கையில் அதுவே முதல் குறை. மொத்தப் புள்ளி 79. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் வகுப்பு 80இல் தொடங்குகிறது. "ஒரு புள்ளிதானே" என்று ஆறுதல் சொல்பவர்களிடம் நான் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவேன். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோடு கலாநிதிப் படிப்புக்கு அனுமதி கிடைக்கும். புலமைப்பரிசில் கிடைப்பதுதான் கடினம். எனக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால் மட்டும் என்ன என்றும் சில நாள் தோன்றும். அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டம் 2024இல் நிர்ணயித்த அடிப்படை உதவித்தொகை ஆண்டுக்கு 32,192 டொலர். அதே ஆண்டு ஜூலையிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 915.90 டொலர், ஆண்டுக்கு 47,000ஐத் தாண்டியது. உதவித்தொகைக்கு வரி இல்லை என்று உடனே ஒருவர் வருவார். வரியைக் கழித்தும் பார்த்துவிட்டேன், குறைவுதான். நாட்டின் ஆய்வுகூடங்களில் இரவு பத்து மணிக்கு விளக்கு எரிவது இந்த உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகளால்தான்.

இப்போது நான் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நேர்முகத் தேர்வில் மூன்றாண்டுப் பாடங்களைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஆய்வேட்டைப் பற்றி அரைமணி நேரம் கேட்டார்கள். ஆகவே வேலைக்கு ஆனர்ஸ் பயனற்றது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே நேரம், வேலைதான் நோக்கம், ஆய்வு வேண்டாம் என்றால் இந்த ஆண்டு தேவையுமில்லை. என்னோடு மூன்றாம் ஆண்டோடு வெளியேறியவர்கள் எனக்கு முன்பே வீடு வாங்கிவிட்டார்கள்.

உங்கள் 71க்கு வருகிறேன். பல இடங்களில் நுழைவுக்கு 65 போதும். அதைவிட முக்கியம், ஆனர்ஸ் வகுப்பை வழக்கமாக அந்த ஓராண்டின் புள்ளிகளைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். உங்கள் 71 அதற்குள் வராது. உள்நாட்டு மாணவர் என்றால் கட்டணத்தை அரசு கடனில் போட்டு, சம்பளம் வரும்போது கட்டலாம். வெளிநாட்டு மாணவர் என்றால் பெரிய பல்கலைக்கழகங்களில் 40,000 டொலருக்கு மேல் போகும். அப்போது இரண்டாண்டு முதுமாணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். இடத்தையும் பாருங்கள்: மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008இல் பட்ட அமைப்பை மாற்றிய பிறகு அங்கே பல விஞ்ஞானத் துறைகளில் இரண்டாண்டு முதுமாணியே ஆய்வுக்கான வழியாகிவிட்டது, மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் ஆண்டு இன்றும் சாதாரணம்.

செய்வதென்று முடிவெடுத்தால் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே மூன்று நான்கு ஆய்வுகூடங்களுக்கு எழுதுங்கள். தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அடுத்த ஆண்டு முழுவதும் ஊரில் இருப்பீர்களா என்று மேற்பார்வையாளரிடம் நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பிறகு, அவர் இல்லாத நேரத்தில், சென்ற ஆண்டு அங்கே ஆனர்ஸ் செய்தவரைக் கண்டுபிடித்து, ஆய்வேட்டு வரைவை மேற்பார்வையாளர் எத்தனை நாளில் திருத்தித் தந்தார் என்று கேளுங்கள். என்னுடையது பதினெட்டு நாள் கழித்து, ஒப்படைப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது, முதல் அத்தியாயத்தில் மட்டும் காற்புள்ளிகள் திருத்தப்பட்டு வந்தது.