நுரையீரல் புற்றுநோய்: மாத்திரை யாருக்குக் கேட்கும்? பாசி யான்னேயின் ஆய்வு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பாஸ்டன் டானா ஃபார்பர் புற்றுநோய் மையத்தின் டாக்டர் பாசி யான்னே பெயரை அடிக்கடி சொல்கிறீர்கள். அவர் அப்படி என்ன கண்டுபிடித்தார், மேடம்?

பதில்: அவர் ஒருவர் மட்டும் கண்டுபிடித்தது இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிட்டினிப் மாத்திரை 2002-ல் ஜப்பானிலும் 2003-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் கேட்டது. ஆனால் கேட்டவர்களுக்குக் கட்டி வேகமாகச் சுருங்கியது. என்ன காரணம் என்று புரியவில்லை. 2004-ல் யான்னே, அவருடைய சக ஆய்வாளர் மேத்யூ மேயர்சன் இருந்த குழு கட்டிகளில் இஜிஎஃப்ஆர் மரபணுவைப் படித்துப் பார்த்தது. செல்களை வளரச் சொல்லும் மரபணு இது; ஜெஃபிட்டினிப் தடுப்பது இதன் வேலையைத்தான். ஜப்பானியர்களின் 58 கட்டிகளில் 15-ல் மாற்றம் இருந்தது. அமெரிக்காவில் எடுத்த 61-ல் ஒன்றில் மட்டும். மருந்து ஜப்பானில்தான் அதிகம் பேருக்குக் கேட்டது, மாற்றமும் அங்கேதான் அதிகம்! அதே நேரத்தில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழுவும் நியூயார்க்கில் ஒரு குழுவும் தனித்தனியாக இதே விடைக்கு வந்து சேர்ந்தன.

கேள்வி: என் அம்மா வாழ்நாளில் புகையைத் தொட்டதில்லை. நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்ற வகை என்கிறார்கள். இப்படிப்பட்ட பெண்களுக்கு மாத்திரை நன்றாகக் கேட்குமாமே. ஜீன் டெஸ்ட் வர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் மாத்திரையைத் தொடங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் இதை அழுத்திச் சொல்கிறேன். ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில் கிழக்காசியாவில் நடந்த ஐபாஸ் ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் உங்கள் அம்மாவைப் போலத்தான்: அடினோகார்சினோமா, புகைக்காதவர்கள் அல்லது முன்பு கொஞ்சமாகப் புகைத்து விட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். மரபணு மாற்றம் இருந்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு ஜெஃபிட்டினிப் கட்டியைச் சுருக்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 1 சதவீதம்தான். மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோ கொடுத்தபோது 23.5 சதவீதம் பேருக்குச் சுருங்கியது. ஆளைப் பார்த்து ஊகித்தால், வேலை செய்யக்கூடிய சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடுவோம். மூச்சுத் திணறல் அதிகமாகி, காத்திருக்க முடியாத நிலை வந்தால், அதுவரை என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பயாப்ஸியில் எடுத்த திசு டெஸ்டுக்குப் போதுமா என்பதையும் இன்றே கேளுங்கள். போதாது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிய வந்தால் அதுதான் பெரிய நஷ்டம்.

கேள்வி: இந்த மாற்றம் பரம்பரையாக வருமா? பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: பொதுவாக இல்லை. மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் உண்டாகிறது. பரம்பரையாக வருவது மிக மிக அரிது.

கேள்வி: அப்பாவுக்கு மாத்திரை ஒரு வருஷம் அருமையாக வேலை செய்தது. இப்போது ஸ்கேனில் மறுபடி வளர்ந்திருக்கிறது. எங்கள் பக்கம் ஏதாவது தவறா?

பதில்: நிச்சயமாக இல்லை, தம்பி. செல்கள் தப்பிக்க வழி கண்டுபிடிக்கின்றன. யான்னேயின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குத்தான் போயிருக்கிறது. ஜெஃபிட்டினிப் போன்ற முதல் தலைமுறை மாத்திரைகள் தோற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதே மரபணுவில் டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் வருகிறது. சிலருக்கு மெட் என்ற வேறொரு மரபணு பல நகல்களாகப் பெருகி மாற்று வழி திறந்துவிடுகிறது. இதை 2007-ல் காட்டியதில் அவருக்கும் பங்கு உண்டு. டி790எம்-ஐத் தாண்ட வந்த புதிய மாத்திரைதான் ஆசிமெர்டினிப். அவர் முதல் ஆசிரியராக 2015-ல் வெளியிட்ட ஆய்வில், டி790எம் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. இல்லாதவர்களில் 21 சதவீதம். அதனால் மறுபடி டெஸ்ட் எடுங்கள். முதலில் ரத்தத்திலேயே பார்க்கலாம். ரத்தத்தில் மாற்றம் தெரியவில்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். கட்டி தன் டிஎன்ஏவைப் போதிய அளவு ரத்தத்தில் விடாமல் இருந்திருக்கலாம். அப்போது மறு பயாப்ஸி தேவைப்படும்.

கேள்வி: அப்படியென்றால் ஆசிமெர்டினிப்பையே முதலில் கொடுத்தால் என்ன?

பதில்: இப்போது பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஃப்ளாரா ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) ஆசிமெர்டினிப்பில் 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2 மாதம். இதற்கும் செல்கள் வழி கண்டுபிடிக்கின்றன. சி797எஸ் என்ற மாற்றம் அவற்றில் ஒன்று.

கேள்வி: இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அக்காவுக்கு எந்த மாத்திரை?

பதில்: பாசிட்டிவ் என்ற ஒரு சொல் போதாது. மரபணுவின் எந்தப் பகுதியில் (எக்ஸான்) என்ன மாற்றம் என்று பார்க்க வேண்டும்: எக்ஸான் 19-ல் நீக்கமா, 21-ல் எல்858ஆர் மாற்றமா, 20-ல் செருகலா என்று கீழே எழுதியிருக்கும். முதல் இரண்டில் ஒன்று என்றால் மேலே சொன்னவை பொருந்தும். 20-ல் செருகல் என்றால் இந்த மாத்திரைகள் பெரும்பாலும் கேட்காது, வேறு மருந்து வேண்டும். அந்த வரியை டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள். எனக்கும் எழுதுங்கள், விளக்குகிறேன்.