மேனிக் மைனரைத் தமிழ் பேச வைக்க முடியுமா? பழைய பிளாட்ஃபார்ம் கேம்களின் பிறமொழிப் பதிப்புகள்: கேள்வி பதில்

1980களின் ஹோம் கம்ப்யூட்டர்களில் ஓடிய பிளாட்ஃபார்ம் கேம்கள் பிற மொழிகளுக்கு எப்படிப் போச்சு, யார் மாத்தினாங்க, உள்ளே என்ன மாத்தணும் என்று பல பேர் கேட்டிருந்தீங்க. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நான் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்ங்கிற பிரிட்டிஷ் ஹோம் கம்ப்யூட்டரோட கட்சி, அதனால பதில்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். போட்டி மெஷினான கமடோரோட ஆளுங்க கோச்சுக்க வேண்டாம்.

சரவணன், கோவை: அண்ணே, ஓடுறது, தாண்டுறது, சாவி பொறுக்குறது. இதுக்கு மொழி எதுக்கு? மொழிபெயர்க்க அதுல என்னதான் இருக்கு?

ரொம்பக் கம்மிதான். மேத்யூ ஸ்மித் எழுதி 1983-ல் பக்-பைட் கம்பெனி வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் கேமான மேனிக் மைனரையே எடுத்துக்குங்க. தலைப்புத் திரையில ஓடுற செய்தி, 20 குகைகளோட பேர், காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டுற பட்டைக்குப் பக்கத்துல மூணு எழுத்து, ஸ்கோர் வரி, செத்தா 'கேம் ஓவர்'. அவ்வளவுதான் மொத்த எழுத்தும். அதனாலதான் இந்த மாதிரி கேம்களை வெளிநாட்டுல வித்தவங்க பெரும்பாலும் புரோகிராமுக்குள்ள கை வைக்கல. கேசட் அட்டையையும் விளக்கக் குறிப்பையும் உள்ளூர் மொழியில அச்சடிச்சாங்க, வேலை முடிஞ்சது. உள்ளே போய் மாத்தினது யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் வீட்டுல உட்கார்ந்து நோண்டின பசங்கதான்.

நிவேதா, சென்னை: ஒரே ஸ்பானிஷ் கேம் மூணு பேர்ல இருக்குன்னு படிச்சேன். உண்மையா?

உண்மைதான், அதுவும் ஸ்பெயினோட முதல் வணிக வீடியோ கேம்னு பல பேர் சொல்ற கேம். இன்டெஸ்காம்ப் கம்பெனிக்காக 1983-ல் செஞ்ச 'லா புல்கா', அதாவது தெள்ளுப்பூச்சி. குகைக்குள்ள விழுந்த பூச்சி, மேடை மேடையா குதிச்சு மேலே ஏறணும். எவ்வளவு நேரம் பட்டனை அமுக்குறோமோ அவ்வளவு தூரம் குதிக்கும். பிரிட்டன்ல குவிக்சில்வா கம்பெனி அதை 'பகாபூ'ன்னு வித்தது. ஆம்ஸ்ட்ராட் கம்பெனியோட சி.பி.சி. கம்ப்யூட்டருக்கு வந்தப்ப 'ரோலண்ட் இன் த கேவ்ஸ்' ஆச்சு.

இந்த ரோலண்ட் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆம்ஸ்ட்ராடுல வேலை பார்த்த ரோலண்ட் பெர்ரியோட பேரை ஒரு நாயகனுக்கு வெச்சு, சம்பந்தமே இல்லாத கேம்களை எல்லாம் அந்தப் பேருக்குக் கீழே கொண்டு வந்தாங்க. இன்டெஸ்காம்போட இன்னொரு கேமான 'ஃப்ரெட்', 'ரோலண்ட் ஆன் த ரோப்ஸ்' ஆச்சு. விளைவு, ஒரு கேம்ல ரோலண்ட் கயிறு ஏறுற மனுஷன், இன்னொண்ணுல பூச்சி. ஆம்ஸ்ட்ராட் வாங்கின பையன் ரெண்டையும் பார்த்து என்ன நினைச்சிருப்பானோ!

டினாமிக்ங்கிற ஸ்பானிஷ் கம்பெனி வெளியிட்ட 'ஃபான்டிஸ்' வெளிநாட்டுக்குப் போனப்ப 'கேம் ஓவர் 2' ஆனதும் இதே வியாபாரம்தான். முதல் 'கேம் ஓவர்' ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தது.

ஃபைசல், திருச்சி: இசட்-80 அசெம்பிளி ஓரளவு தெரியும். மேனிக் மைனரை வேற மொழிக்கு மாத்தணும்னா எங்கே கை வைக்கணும்?

இந்தக் கேள்வி வராதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஸ்பெக்ட்ரமோட ப்ராசசர்தான் இசட்-80. ஒவ்வொரு குகைக்கும் 1024 பைட். முதல் குகை 45056-ங்கிற நினைவக முகவரியில ஆரம்பிக்குது. இருபதாவது குகை முடியுற இடம் 65535, அதாவது 48கே ஸ்பெக்ட்ரம் நினைவகத்தோட கடைசி பைட். பின்னாடி ஒரு இடம்கூட மிச்சமில்லை. அந்த 1024-ல முதல் 512 பைட் குகையோட அமைப்பு, அடுத்த 32 பைட் பேர். திரையோட அகலமும் 32 எழுத்துதான். பேர் சின்னதா இருந்தா ரெண்டு பக்கமும் வெற்றிடம் போட்டு நடுவுல நிறுத்தணும். நீளமா இருந்தா வெட்டித்தான் ஆகணும், ஏன்னா 33-வது எழுத்து பின்னணிக் கட்டத்தோட நிறத்தை வெச்சிருக்கிற பைட் மேல போய் உட்காரும்.

ஸ்மித்தே விளிம்பு வரைக்கும் போயிருக்கார். எட்டாவது குகையோட பேர் 'மைனர் வில்லி மீட்ஸ் த காங் பீஸ்ட்' (வில்லிதான் கேமோட நாயகன்). ஆங்கிலத்துல வெற்றிடத்தோட எண்ணினா சரியா 32. அதையே நேரடியா ஸ்பானிஷ்ல எழுதினா 47 ஆகுது, ஜெர்மன்ல சுருக்கிப் போட்டாலும் 36. ரெண்டு மொழியிலயும் பேரையே மாத்தணும்.

ஸ்கோர் வரியில இன்னும் கவனம் வேணும். ஸ்கோரை எண்ணா வெச்சுக்கிறதில்லை, இலக்க எழுத்துகளா வெச்சு அதையே ஏத்திக்கிட்டே போகுது. வரியில அதை எப்பவும் ஒரே இடத்துலதான் காட்டுது. மொழிபெயர்த்த சொல் ஒரு எழுத்து நீண்டு இலக்கத்தைத் தள்ளினா, புரோகிராம் பழைய இடத்துலயே இலக்கத்தைப் போட்டு சொல்லைக் குதறிடும்.

அடுத்தது எழுத்து வடிவம். ஸ்பெக்ட்ரம்ல வழக்கமா ரெண்டு வழி. ஒண்ணு, 23606-ல இருக்கிற முகவரியை மாத்தி நம்ம ஃபான்டைக் காட்டுறது. இன்னொண்ணு, நாமே வரையக்கூடிய 21 எழுத்துகள், யூ.டி.ஜி. மேனிக் மைனர்ல ரெண்டும் வேலைக்கு ஆகாது. 23552-லேருந்து உள்ள இடத்தை கேம் திரையோட நிறங்களைத் தயார் பண்ண எடுத்துக்கிச்சு, அதனால 23606-ல் இருந்த முகவரி அழிஞ்சு போயிருக்கும். யூ.டி.ஜி. இருக்க வேண்டிய 65368-ல கடைசிக் குகையில திரியுற எதிரிகளோட படங்கள் உட்கார்ந்திருக்கு. போதாததுக்கு, எழுத்து அச்சிடற வேலையை கேம் தானே செஞ்சுக்குது, 23606-ஐப் பார்க்காம நேரா ரோம்ல, அதாவது மெஷினோட நிரந்தர நினைவகத்துல, இருக்கிற எழுத்துப் படத்தை எடுக்குது.

ஆனா அங்கேயே வழியும் இருக்கு. அந்த அச்சு ரொட்டீன்ல ப்ராசசரோட ஹெச் ரெஜிஸ்டருக்கு 7 போடுற ஒரு கட்டளை இருக்கு. அந்த 7-ஐ 21 ஆக்கினா, எழுத்துப் படங்களை 44032-லேருந்து எடுக்க ஆரம்பிக்கும். 128 எழுத்தும் 45055-ல் முடியும், முதல் குகைக்கு ஒரு பைட் முன்னாடி. அளவெடுத்துத் தைச்ச மாதிரி. இதுக்குக் கொடுக்கிற விலை, அந்த இடத்துல இருக்கிற தலைப்புப் படத்தோட நடுப்பகுதி. அது கோடு கோடா கெட்டுப் போகும், அதனால அந்தப் பகுதியைத் திரைக்கு நகலெடுக்காம விட்டுடணும்.

கவிதா, மதுரை: அப்ப தமிழ்ல பண்ண முடியுமா சார்? 247 எழுத்து 128-க்குள்ள எப்படி அடங்கும்?

அடங்கும்மா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. ஒவ்வொரு மெய்க்கும் ஆறு வடிவம் தனியா வேணும்: க, க், கி, கீ, கு, கூ. 18 மெய்க்கு 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி நாலையும் தனிக் கட்டத்துல போட்டுக்கலாம். உயிர் 11 போதும், ஔ-வை ஒ, ள சேர்த்து எழுதிடலாம். ஆய்தம் ஒண்ணு, வெற்றிடம் ஒண்ணு, ஸ்கோருக்கு இலக்கம் 10. மொத்தம் 135. ஏழு அதிகம். ங, ஞ ரெண்டுலயும் இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்களைத் தூக்கினா எட்டு குறையும். 127. ஒரு இடம் மிச்சம், அதுல ஜ-வையோ ஸ-வையோ வெச்சுக்குங்க. ரெண்டும் வேணும்னா கிடையாது.

எண்ணிக்கையை விட எனக்கு பயம் 8 புள்ளி அகலம்தான். ண-வை எட்டுப் புள்ளிக்குள்ள வரைஞ்சு பாருங்க, மூணு வளைவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மேலே புள்ளி வெக்க ஒரு வரி, அதுக்குக் கீழே இடைவெளி ஒரு வரி போனா உயரத்துல ஆறுதான் மிச்சம். ணூ பத்திப் பேசவே வேண்டாம். அகல எழுத்துக்கு ரெண்டு கட்டம் கொடுக்கலாம், ஆனா 128-ல இடம் ஏது?

பேர்கள் விஷயத்துல தமிழ் மோசமில்லை. 'நடுச் சுரங்கம்' ஒன்பது கட்டத்துல முடிஞ்சுடும். காங் மிருகக் குகையை 'சுரங்கத் தொழிலாளி வில்லி காங் மிருகத்தைச் சந்திக்கிறான்'னு பாடநூல் பாணியில எழுதினா 38 கட்டம், வெளியே போயிடும். 'வில்லியும் காங் மிருகமும்' 15 கட்டம்தான், கேக்கவும் நல்லா இருக்கு.

நம்ம நாட்டுல இந்த மெஷின் இருந்ததான்னு சேர்த்துக் கேட்டிருந்தீங்க. இருந்தது. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 1986-லேருந்து ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை உரிமம் வாங்கி 'டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ்'னு வித்தாங்க.

ரஞ்சன், யாழ்ப்பாணம்: ரஷ்யாவில் நிறைய ஸ்பெக்ட்ரம் கேம்களை மொழிமாற்றினார்கள் என்கிறார்களே. அவர்களுக்கு எழுத்துப் பிரச்சினை வரவில்லையா?

வந்தது, ஆனா அவங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ரஷ்ய எழுத்து 33. பெரிய எழுத்துகள்ல 11, லத்தீன் எழுத்து மாதிரியே தெரியும். அதுக்கு ரோம்ல இருக்கிற படமே போதும். மிச்சம் 22. மேலே ரெண்டு புள்ளி வெச்ச 'யோ'வை ரஷ்யர்கள் அச்சுலயே பல தடவை புள்ளி இல்லாமதான் எழுதுவாங்க. அதை விட்டா 21. யூ.டி.ஜி. எண்ணிக்கையும் 21! சின்ன எழுத்துகளோட 26 இடத்தை எடுத்துக்கிட்டாலும் தாராளம்.

அங்கே ஓடினது சின்க்ளேர் மெஷின் இல்லை, லெனின்கிராட், பென்டகன் மாதிரி உள்ளூர் நகல்கள். கேம்களும் கேசட்லயும் டிஸ்க்லயும் நகலாத்தான் கை மாறிச்சு. கேட்க ஆள் இல்லாததால உள்ளே போய் மாத்தறதுக்கும் தடை இல்லை. மாத்தினவங்க சும்மா விடல, முதல் திரையில தங்க பேரையும் பொறிச்சுட்டாங்க.

தினேஷ், பெங்களூரு: ஜெட் செட் வில்லியும் இதே மாதிரிதானா?

ஏறக்குறைய. மேனிக் மைனரோட அடுத்த பாகமா 1984-ல் வந்த அதுல ஒரு அறைக்கு 256 பைட்தான், ஆனா அதுலயும் பேருக்கு 32 ஒதுக்கியிருக்கார் ஸ்மித். சிரமம் இடத்துல இல்லை, பேர்கள்லதான். பிரிட்டிஷ் நக்கல் நிறைய. மதுக்கடை, வீட்டுக்காரி மரியா எல்லாம் எந்த மொழிக்கும் போகும். 'வி மஸ்ட் பெர்ஃபார்ம் எ குவர்க்கஃப்ளீக்'னு ஒரு அறை இருக்கு, அதை அப்படியே விட்டுடறதுதான் மரியாதை.

இன்னொரு விஷயம், அதோட நகல் தடுப்பு எந்த மொழிக்கும் பொதுவானது. கேசட்டோட ஒரு வண்ண அட்டை வரும், 180 கட்டம், கட்டத்துக்கு நாலு நிறம். திரையில கேக்குற கட்டத்தைப் பார்த்து நிறங்களை அமுக்கணும். 1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவோட டாஸ் பதிப்புல பாருங்க: கையேட்டுல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது சொல், அதோட முதல் எழுத்துள்ள மருந்தைக் குடின்னு சொல்லும். கையேட்டை மொழிபெயர்த்தா அந்தக் கணக்கு அத்தனையும் மறுபடி போடணும்.

ஷாலினி, சேலம்: பேசுற கேம்களை என்ன செஞ்சாங்க?

அப்படியே விட்டாங்க. 1984-ல் எபிக்ஸ் வெளியிட்ட இம்பாசிபிள் மிஷன்ல வில்லன் 'ஸ்டே ஃபாரெவர்'னு ஆங்கிலத்துல மிரட்டுவான். சில நொடிக் குரலே அந்தக் கால நினைவகத்துல பெரிய துண்டு, வேற மொழிக் குரலுக்கு யாரும் செலவழிக்கல. ஜெர்மன்காரங்களுக்கும் அந்தக் குரல்தான் மனசுல நின்னது: அங்கே பிரபலமான பழைய கேம் பாட்காஸ்ட் ஒண்ணுக்கு 'ஸ்டே ஃபாரெவர்'னே பேர்.

மாதவன், சிங்கப்பூர்: பிரெஞ்சு கீபோர்டுல கீ இடம் மாறுமே?

மாறும். கேம் பார்க்கிறது கீ இருக்கிற இடத்தை, மேலே அச்சடிச்ச எழுத்தை இல்லை. அதனால ஏ அமுக்குன்னு சொன்னா பிரெஞ்சு சி.பி.சி.யில க்யூ-வை அமுக்கணும்.

கீபோர்டுன்னதும் ஸ்பெயின் ஞாபகம் வருது. 1985-ல் அங்கே 64கே-யோ அதுக்குக் கீழோ உள்ள கம்ப்யூட்டருக்கு 15,000 பெசெட்டா இறக்குமதி வரி போட்டு, ஸ்பானிஷ் கீபோர்டும் கட்டாயம்னாங்க. ஆம்ஸ்ட்ராடோட விநியோகஸ்தர், அதே இன்டெஸ்காம்ப்தான், 64கே உள்ள சி.பி.சி. 464-ல ஒரு 8கே சிப்பைச் சேர்த்து 472-ன்னு வித்தது. 72கே ஆச்சு, வரி இல்லை. அந்தச் சிப்புக்கு மின் இணைப்பே கிடையாது! தலையில சுருள் போட்ட ஸ்பானிஷ் எழுத்துக்குத் தனி கீ மட்டும் நிஜம்.

ஃபைசல், திருச்சி (மறுபடியும்): முதல்ல சின்னதா ஒண்ணு மாத்திப் பார்க்க என்ன செய்யலாம்?

இன்றைய கம்ப்யூட்டர்ல ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கிற ஃபியூஸ் எமுலேட்டர் இலவசம். ரோம் உரிமையை வெச்சிருந்த ஆம்ஸ்ட்ராட் 1999-லேயே அதை எமுலேட்டரோட கொடுக்க அனுமதிச்சுட்டாங்க. கேமோட உரிமை வேற கணக்கு. மாத்தினதை உங்களோட வெச்சுக்குங்க, ஊருக்கு விநியோகிக்காதீங்க. மேனிக் மைனரை ஏத்தி 45568-லேருந்து பாருங்க. ஒன்பது வெற்றிடம் தாண்டி 45577-ல 67 இருக்கும், அதுதான் 'சென்ட்ரல் கேவர்ன்'ல முதல் எழுத்து. அதை மாத்திட்டு வில்லியை ஒரு தடவை சாகவிடுங்க. குகை மறுபடி வரும்போது புதுப் பேர் தெரியும்.