பச்சை மாறாத செடியும் தை மாதத்துப் பனியும்

தேயிலைத் தோட்டத்து லய அறையை விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோன, நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை வாசகர் ஒருவர், "வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும்" என்று லொறியில் வந்த வியாபாரி விற்ற குரோட்டனையும் செவ்வரத்தையையும் முன்வாசலில் நட்டாராம். தை மாதத்து உறைபனியில் இரண்டுமே கருகிவிட்டன. இனி எதை நடுவது என்று கேட்கிறார்.

இலை உதிர்க்காத செடி எல்லாம் குளிரைத் தாங்கும் செடி அல்ல. குரோட்டன் கீழ்நாட்டுக் கம்பஹாவில் பச்சை மாறாதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாப் பக்கத்தில், தையிலும் மாசியிலும் விடியற்காலையில் புல் வெளுத்துக் கிடக்கும்போது அதன் இலை வெந்ததுபோல் தொங்கிவிடும். வியாபாரி இதை அறியாதவர் அல்லர். சித்திரை வசந்த காலத்துக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி, கீழ்நாட்டுப் பொலித்தீன் கூடாரத்தில் உரம் போட்டு ஊதவைத்த செடியைப் பூவோடு மேலே ஏற்றுகிறார்கள். செடி எந்த உயரத்தில் வளர்ந்தது என்று சட்டியில் எழுதி ஒட்டும் வழக்கம் இங்கு இல்லை, கேட்பாரும் இல்லை. விவசாயப் போதனாசிரியரிடம் போனால் லீக்ஸ், கிழங்கோடு பேச்சு முடிந்துவிடும்.

என் பதில் கெமெலியா என்ற பூச்செடி. தேயிலையின் சொந்தச் சாதி என்பதால் நம் அமில மண்ணே அதற்குப் போதும். இலேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. மெதுவாகத்தான் வளரும், அதனாலேயே சின்ன முற்றத்துக்குப் பொருந்தும். விடிந்ததும் வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், பனி பிடித்த மொட்டு பழுத்து உதிரும். சைப்ரஸ் வேலி போடச் சொல்பவர்கள், வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும் என்பதைச் சொல்வதில்லை.

புது வீடு என்பதால் ஒன்றை விரிவாகச் சொல்லவேண்டும். மேசன் வேலை முடிந்ததும் சீமெந்துக் கலவையின் மிச்சமும் சுண்ணாம்புக் கழிவும் அத்திவாரத்தை ஒட்டியே புதைந்து கிடக்கும். சுற்றிலும் தேயிலை மண்ணாக இருந்தாலும் சுவரோரத்து இரண்டு மூன்று அடியில் அமிலத்தன்மை போய்விட்டிருக்கும். அங்கே நட்ட கெமெலியாவின் இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுவெல்லாம் மஞ்சளாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததுதான் காரணம். இதைக் கண்டதும் உரம் போதவில்லை என்று யூரியா கொட்டுவார்கள். மரக்கறித் தோட்டத்துப் பழக்கத்தில் மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் தூளையும் ஒரு கைப்பிடி தூவுவார்கள், அதுதான் செடிக்கு முடிவு. ஆகவே சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே நடுங்கள். வேறு இடமே இல்லையென்றால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மக்கிய இலை சேர்ந்த தேயிலைமலை மண்ணை நிரப்புங்கள். முன்பு லீக்ஸ் போட்டு டொலமைட் இட்ட பாத்திக்கும் இதே கதைதான்.

வாங்கும்போது பூவைப் பார்க்காமல் சட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் சட்டியின் வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உங்கள் ஊர் இருக்கும் உயரத்திலேயே திறந்த வெளியில் வளர்க்கும் நாற்றுமேடையில் முழங்கால் உயரச் செடி போதும். "காட்டு ரொடொடென்ரன்" என்று மலைக்காட்டுப் பூஞ்செடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வருவதைத் தொடவே தொடாதீர்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து பிடுங்குவது குற்றம், பிடுங்கிய செடி பிழைப்பதும் அரிது.

முன்வரிசைக்குப் பூ வேண்டுமானால் அசேலியா வைக்கலாம், ஆனால் ஆடு கட்டும் வீட்டில் வேண்டாம், இலை விஷம். வைகாசிக் கடைசியில் மழை பிடித்ததும், தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்குள் புதையாதபடி நட்டு, சுற்றிலும் காய்ந்த இலையைப் பரப்பிவிடுங்கள். முதல் தையில் மட்டும் மாலையானதும் சாக்கால் மூடி, வெயில் ஏறியபின் எடுத்துவிடுங்கள்.