அடுத்தடுத்து கஷ்டம், ஜெபமே பண்ண முடியல. விசுவாசத்தை எப்படி காப்பாத்திக்கிறது?

நீங்க எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை பதில் எழுத வச்சுது. "இப்பல்லாம் முழங்கால் போட்டா ஜெபம் வரல, ஆண்டவர் மேல கோபம்தான் வருது, என் விசுவாசம் செத்துப்போச்சா"ன்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க, சாகல. அந்தக் கோபத்தை யார்கிட்ட கொட்டுறீங்க? அவர்கிட்டதானே. அவர் கேக்குறார்னு உள்ளுக்குள்ள எங்கயோ நம்புறதாலதான் கொட்டுறீங்க.

வேதத்துல ஜெபப் பாட்டா இருக்குற 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், ஆனா சபையில நாம அதையெல்லாம் அதிகமா வாசிக்கிறதில்ல, துதி சங்கீதமா பார்த்து எடுத்துக்குறோம், அதனால கஷ்டம் வந்ததும் நம்மகிட்ட பேச வார்த்தையே இல்லாம போயிடுது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ம் சங்கீதம் ஆரம்பிக்குது. இப்படி கேட்டவரை வேதம் அவிசுவாசின்னு சொல்லல, அவர் கேட்டதை அப்படியே எழுதி வச்சு நம்ம கையில கொடுத்திருக்கு. 88ம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேல. கடைசி வார்த்தை வரைக்கும் இருட்டு, மத்த புலம்பல் சங்கீதங்கள்ல பெரும்பாலும் வர்ற மாதிரி முடிவுல ஒரு துதி கூட கிடையாது. ஆனா முதல் வசனத்துல "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிட்டுட்டுதான் அத்தனையும் சொல்றார்.

எங்க அப்பா ஐசியூல இருந்தப்போ எனக்கு எல்லாரும் ஆறுதலுக்கு சொல்ற 23ம் சங்கீதமும் வரல, 91ம் வரல, வாயில வந்தது இந்த 88தான். வராண்டால உக்காந்து அதையே திரும்பத் திரும்ப வாசிச்சேன். அப்பா பிழைக்கல. விசுவாசம் இருந்தா நடந்திருக்கும்னு ஒருத்தர் துக்க வீட்டுலயே சொன்னார், அந்த மாதிரி பேச்சை தயவுசெஞ்சு மனசுல வாங்கிக்காதீங்க. பிள்ளைகள், சொத்து, சுகம் எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காம அவரோட தரையில உக்காந்திருந்தாங்களே, அதுதான் அவங்க செஞ்ச நல்ல காரியம், பேச ஆரம்பிச்சதும்தான் எல்லாம் கெட்டுப்போச்சு.

அந்த நாட்கள்ல என்னைப் பிடிச்சு நிறுத்தினது சிலுவையில இயேசு சொன்னது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"ங்கிறது 22ம் சங்கீதத்தோட முதல் வரி. உயிர் போற வலியில அவரே ஒரு புலம்பல் சங்கீதத்தைத்தான் எடுத்தார். செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் கல்லறைக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணீர் விட்டார். அப்படிப்பட்டவர் முன்னாடி நான் எதுக்கு தைரியசாலி மாதிரி நிக்கணும்?

இன்னொன்னு. கஷ்டம்னு தெரிஞ்சதும் எல்லாரும் வாட்ஸ்அப்ல எரேமியா 29:11 அனுப்புவாங்க, உங்களைப் பத்தி நான் நினைக்கிறது தீமைக்கு இல்ல, சமாதானத்துக்குத்தான்னு ஆண்டவர் சொல்ற வசனம். நல்ல வசனம்தான், ஆனா அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எழுதின கடிதத்துல வர்றது, அதுக்கு முந்தின வசனம் 70 வருஷம்னு சொல்லுது, இன்னும் மேல போனா வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளைப் பெறுங்கன்னு இருக்கு. அடுத்த வாரமே எல்லாம் சரியாயிடும்னு அங்க வாக்கு இல்ல. நடுவுல இருக்குற காலத்துலயும் வாழலாம்னு ஆண்டவர் சொல்றார். எனக்கு இது பெரிய ஆறுதல், ஏன்னா சீக்கிரம் சரியாகும்னு நம்பி நம்பி ஏமாறுறப்போதான் மனசு அதிகமா உடையுது.

உங்க உடம்பையும் பாருங்க. எலியா தீர்க்கதரிசி உயிருக்கு பயந்து ஓடி, சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு சொன்னப்போ தூதன் வந்து திட்டல, பிரசங்கமும் பண்ணல. எழுப்பி அடையும் தண்ணியும் கொடுத்தான், அவர் மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில ஆண்டவர் அவர்கிட்ட பேசினது அதுக்கப்புறம்தான். தூங்காம சாப்பிடாம உபவாசம்னு இழுத்துட்டு இருக்காதீங்க, செத்துடலாம்னு எண்ணம் வந்தா இன்னைக்கே கூட இருக்கவங்ககிட்ட சொல்லுங்க, டாக்டரைப் பாருங்க, அது விசுவாசக் குறைச்சல் இல்ல.

ஜெபம் வராத நாள்ல என்ன பண்றதுன்னு கேட்டீங்கல்ல, மாற்கு 2ம் அதிகாரத்துல நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுகிட்ட தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குறாங்க, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னு இருக்கு. அவன் ஒரு வார்த்தை பேசினதா எழுதல, தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தையும் ஆண்டவர் கணக்குல எடுத்துக்கிட்டார். அதனால அறிவுரை சொல்லாத ஒரே ஒருத்தரைக் கூப்பிட்டு "எனக்கு ஜெபம் வரல, நீங்க எனக்காகப் பண்ணுங்க, நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்"னு சொல்லுங்க. யாரும் இல்லாத ராத்திரில 88ஐ சத்தமா வாசிங்க, அதுவும் முடியலன்னா அந்த முதல் வசனத்தை மட்டும் சொல்லிட்டு படுத்துடுங்க.