தெர்மாகோல் பெட்டிக்கும் பாலிஸ்டைரீன் பலகைக்கும் ஒரே மை போதுமா?

காசிமேட்டு மீன் வியாபாரத்துக்கான தெர்மாகோல் பெட்டிகளில் கடைப்பெயரையும், கடை வாசலில் மாட்டும் பாலிஸ்டைரீன் பலகையில் விலைப்பட்டியலையும் ஒரே மையைக் கொண்டு அச்சிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பயன்படும் தின்னர் கலந்த மை என்றால், கூடாது. இரண்டும் ஒரே பொருள்தான் என்றாலும் தெர்மாகோலில் பெரும்பகுதி காற்று; அதன் மணிகளின் சுவர் மிக மெல்லியது. பலகையின் மேற்பரப்பை இலேசாக இளக்கி மையைப் பிடிக்கவைக்கும் அதே தின்னர், தெர்மாகோலைத் தின்றுவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை தொடங்கிய புதிதில், ஸ்டென்சில் தகடு வைத்து ஐம்பது பெட்டிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். தகட்டை எடுத்துப் பார்த்தால் எழுத்து இருந்த இடமெல்லாம் பள்ளம். 'ம'வின் அடிக்கோடு நகம் புதையும் அளவுக்கு உள்வாங்கி, ஓரங்கள் சுருங்கிப்போயிருந்தன. அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தண்ணீரும் ஆல்கஹாலும் கரைப்பதில்லை. ஆகவே பெட்டிக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்தான் ஏற்றது. அதைப் பஞ்சில் தொட்டு, ஸ்டென்சிலின் மேல் மெல்லியதாக இருமுறை ஒற்றி எடுங்கள். ஐஸ் போடுவதற்கு முன்பே, பெட்டி உலர்ந்திருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்; ஈரத்தின் மேல் ஒற்றிய பெயின்ட் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் உரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் பெட்டி எடுப்பவர் என்றால், பெட்டி வார்க்கும் அச்சிலேயே பெயரைச் செதுக்கித் தரச் சொல்லுங்கள், மையே தேவைப்படாது. தேதி அச்சிடும் இங்க்ஜெட் எந்திரங்களில் பரவலாக ஊற்றப்படும் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பான்) கலந்த மையும் தெர்மாகோலைக் குழியாக்கும் என்பதால், ஆல்கஹால் மைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். லேசரை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தெர்மாகோல் உருகும், தீப்பற்றும்.

பலகைக்கு வருவோம். ஹிப்ஸ் எனப்படும், எளிதில் உடையாத வகை பாலிஸ்டைரீனில் செய்த வெள்ளைப் பலகை என்றால், பாலிஸ்டைரீனுக்கென்றே விற்கப்படும் ஸ்கிரீன் மையையும் அதற்குரிய மென்மையான தின்னரையும் பயன்படுத்தலாம். 100 டிகிரியை நெருங்கும்போதே பலகை இளகி வளையத் தொடங்கும் என்பதால், உலர்த்தும் சூட்டை 60 டிகிரிக்குள் நிறுத்துவது என் வழக்கம். கண்ணாடி போன்ற பலகைக்கு இன்னும் கவனம் தேவை. அச்சு முதலில் அழகாகத்தான் இருக்கும், பிறகுதான் முடி போன்ற விரிசல்கள் வெளிப்படும். அதனால் முதலில் ஒரு துண்டை வெட்டி, வில் போல இலேசாக வளைத்துக் கட்டி, வளைவின் வெளிப்புறத்தில் மையைத் தடவி வையுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஒரு கீறல் தென்பட்டாலும் அந்த மை வேண்டாம்.