கைனேஸைச் சந்தேகிக்கும் முன் பஃபரைச் சந்தேகியுங்கள்

கேள்வி: எலி இதயத் திசுவில் புரோட்டீன் கைனேஸ் ஏ (புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம்) என்பதன் செயல்பாட்டை அளப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. 25 டிகிரியில் பிஎச் 7.4 வைத்த 20 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) குளிர் அறையில் திசுவை அரைத்து, அதே பஃபரில் 30 டிகிரியில் வினையை நடத்துகிறேன். வினைக்குப் பாஸ்பேட் தரும் ஏடிபியை முன்பு கரைசலாகவே வாங்கினோம். இப்போது டைசோடியம் உப்புப் பொடியைத் தண்ணீரில் கரைத்து 2 மில்லிமோலார் அளவுக்குச் சேர்க்கிறேன். அது முதல் செயல்பாடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. என்சைம் செத்துவிட்டது என்கிறார் நெறியாளர். புது கிட் வாங்கச் சொல்கிறார் சப்ளை செய்பவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். உங்கள் குழாய்க்குள் பிஎச் 7.4 இல்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பஃபர் தாங்குவது அதன் பிகேஏ என்ற பிஎச் புள்ளியை ஒட்டித்தான். அந்தப் புள்ளியில் பஃபரின் பாதி அமில வடிவிலும் மறுபாதி கார வடிவிலும் இருக்கும். 25 டிகிரியில் டிரிஸின் பிகேஏ சுமார் 8.1. நீங்கள் நிற்பது 7.4-இல். அங்கே கார வடிவம் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. 20 மில்லிமோலாரில் அது ஏறத்தாழ 3.6 மில்லிமோலார். வரும் அமிலத்தைப் பிடிக்க உங்களிடம் உள்ள கையிருப்பு அவ்வளவுதான்.

இனி ஏடிபி பொடிக்கு வருவோம். டைசோடியம் உப்பு தண்ணீரில் கரைந்தால் நல்ல புளிப்பு. பிஎச் 3 அளவில் நிற்கும். 7.4-க்கு வரும்போது ஒவ்வொரு மூலக்கூறும் கிட்டத்தட்ட இரண்டு புரோட்டான்களை விட்டுவிடும். 2 மில்லிமோலார் ஏடிபி என்றால் ஏறத்தாழ 4 மில்லிமோலார் அமிலம். கையிருப்பு 3.6, வரவு 4! பிஎச் 6.5 பக்கம் சரிந்துவிடும். மெக்னீசியமும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். முன்பு வாங்கிய கரைசல் பிஎச் 7-க்குச் சரிசெய்யப்பட்டதாக இருந்திருக்கும். அதனால் இந்தச் சிக்கல் உங்கள் கண்ணில் படவில்லை.

சரிசெய்வது எளிது. 100 மில்லிமோலார் ஏடிபியைப் பனிக்கட்டியில் வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 7-க்குக் கொண்டுவாருங்கள். சிறிதளவை நீர்த்து 259 நானோமீட்டரில் அளந்து செறிவை உறுதிசெய்யுங்கள் (மோலார் உறிஞ்சல் 15,400). சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்து, ஒரு குழாயை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள்.

இரண்டாவது கோளாறு வெப்பநிலை. டிகிரிக்குச் சுமார் 0.028 வீதம் டிரிஸின் பிகேஏ இறங்கும். 25 டிகிரியில் வைத்த 7.4 குளிர் அறையில் 8.0 ஆகிறது, 30 டிகிரியில் 7.26 ஆகிறது. அந்த 25 டிகிரியும் ஏசி ஓடும் அறைக்குத்தான் பொருந்தும். மே மாதம் ஏசி பழுதான ஆய்வகத்தில் 34 டிகிரியில் 7.4 வைத்துவிட்டு, குறிப்பேட்டில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுபவர்கள் ஏராளம்.

பிஎச் மீட்டரில் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த வசதி எலெக்ட்ரோடின் மின்னழுத்தத்தை மட்டுமே திருத்தும். உங்கள் பஃபர் 30 டிகிரியில் எந்த பிஎச்சுக்குப் போகும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பஃபரை 30 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, மீட்டரையும் அதே வெப்பநிலையில் அளவுதிருத்தம் செய்து, அங்கேயே பிஎச்சை வையுங்கள். முடிந்தால் டிரிஸையே விட்டுவிட்டு மாப்ஸ் என்ற வேறு பஃபருக்கு மாறுங்கள். அதன் பிகேஏ 7.2, வெப்பத்துக்கு அசைவதும் டிரிஸில் ஏறத்தாழ பாதிதான். அரைப்பதற்கும் வினைக்கும் தனித்தனி பஃபர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் சிலர் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையின் பஃபரையும் திருத்தப் போவார்கள். அதைத் தொடாதீர்கள்! அதில் டிரிஸை 25 டிகிரியில் 8.3 என வைக்கிறார்கள். 72 டிகிரியில் அது 7 பக்கம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செய்முறையே இறக்கத்தையும் சேர்த்து சோதித்து நிலைபெற்றது. ‘72 டிகிரியில் 8.3 வேண்டும்’ என்று யாராவது திருத்தினால் அறை வெப்பநிலையில் பஃபர் 9.6-க்குப் போய்விடும், அங்கே டிரிஸ் தாங்காது. புரதங்களைப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லின் பிஎச் 8.8, 6.8 பஃபர்களுக்கும் இதே பேச்சுதான். பழைய செய்முறையில் ‘25 டிகிரியில்’ என்று இருந்தால் 25 டிகிரியிலேயே வையுங்கள்.

என்சைம் உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் கிட் வேண்டாம். புரோட்டீன் கைனேஸ் ஏ ஓய்வில் இருக்கும்போது இரண்டு கட்டுப்படுத்தும் துணையலகுகள் இரண்டு வினையாற்றும் துணையலகுகளைப் பிடித்து வைத்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் பிடி விடும். எனவே கைனேஸ் ஏ பாஸ்பேட் ஒட்டும் கெம்ப்டைடு பெப்டைடை வைத்து மூன்று குழாய்கள் போதும்: சைக்ளிக் ஏஎம்பி இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று, அதோடு பிகேஐ தடுப்புப் பெப்டைடும் சேர்த்து ஒன்று. பிகேஐ தடுக்கும் பங்குதான் கைனேஸ் ஏ. பிகேஐக்குப் பதிலாக எச்-89 என்ற தடுப்பான் மலிவு என்று யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அது ராக், எம்எஸ்கே1 போன்ற வேறு கைனேஸ்களையும் தடுக்கும் என்பது 2000-ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. இன்னமும் அதை ‘கைனேஸ் ஏ தடுப்பான்’ என்று மட்டும் பட்டியலில் போட்டு விற்கிறார்கள்.

சப்ளையர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. உலர்பனியில் வர வேண்டிய பொருள் உருகி வந்தாலும் ரசீதில் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள். பிறகு வினை ஓடாவிட்டால் அடுத்த கிட்டை நீட்டுவார்கள். பெட்டியைத் திறந்து, பனி இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்த பிறகே கையெழுத்திடுங்கள். அதைவிட மோசமானவர்கள் பணம் வாங்கிக்கொண்டு ‘ரிசல்ட் எடுத்துத் தரும்’ ப்ராஜெக்ட் சென்டர்காரர்கள். உங்கள் வரைபடத்தை நேராக்கித் தருவார்கள். எந்த பிஎச்சில் எடுத்தது என்று தேர்வாளர் கேட்டால் நிற்கப் போவது நீங்கள்தான்.

மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரரிடம் ஆர்டர் போட்டு, மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழிக்கச் சொல்லும் நிர்வாகம் 200 ரூபாய் வெப்பமானி வாங்கப் பல மாதம் இழுத்தடிக்கிறது. நல்ல மாணவர்களின் ஒரு வருடம் இப்படித்தான் வீணாகிறது. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. உங்கள் கைக்காசில் ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது: என்சைம் தவிர எல்லாவற்றையும் கலந்து, 5 மில்லி எடுத்து, 30 டிகிரியில் பிஎச் பாருங்கள். 7.4-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 0.1-க்கு மேல் விலகியிருந்தால் பழைய அளவீடுகளை ஆய்வேட்டில் சேர்க்காமல் மறுபடி எடுங்கள். செய்முறைப் பகுதியில் ‘பிஎச் 7.4’ என்று மட்டும் எழுதாமல், எந்த வெப்பநிலையில் அளந்தது, ஏடிபி சேர்க்கும் முன்பா பின்பா என்பதையும் எழுதுங்கள்.